ராத்திரித் தூக்கத்துக்கு ரத்தப் பரிசோதனையா? பார்க்கின்சன் வீட்டில் நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்தவை

என் மாமனார் கனவில் யானை விரட்டுவார். மாரண்டஅள்ளிப் பக்கம் காட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. கேழ்வரகு பால் பிடிக்கும் காலத்தில் நிஜமாகவே யானை இறங்கும். இளவயதில் பரண் மேல் காவல் இருந்து, தகரம் தட்டி விரட்டியவர் அவர். இப்போது 71 வயது. பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் என்று தெரிந்து இது ஆறாவது வருடம். பகலில் டம்ளரைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். விடியற்காலை நாலு மணிக்கு மட்டும் அந்தப் பழைய ஆள் திரும்பி வருவார். "ஓய், ஓய்" என்று கத்திக்கொண்டு எட்டி உதைப்பார். போன ஐப்பசியில் அப்படி உதைத்ததில் பக்கத்தில் படுத்திருந்த அத்தைக்கு விலாவில் அடி. மாமா கட்டிலிலிருந்து விழுந்து புருவத்தில் மூன்று தையல்.

மறுநாளே பெங்களூரிலிருந்து கொழுந்தனார் போன் செய்தார். "அண்ணி, பார்க்கின்சன் தூக்கப் பிரச்சினையை இப்ப ரத்தத்துலயே கண்டுபிடிக்கிறாங்களாம். நீங்க லேப்லதானே இருக்கீங்க, எடுத்துப் பார்த்துடலாமுங்களா?"

நான் தருமபுரியில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினாறு வருடமாக டெக்னீஷியன். ஊசி குத்துவது, சாம்பிளைச் சுழற்றிப் பிரிப்பது, வெளியூர் அனுப்புவது எல்லாம் என் வேலை. அதனால் வீட்டில் முடிவு என் தலையில் விழுந்தது. எங்கள் முன்னால் இருந்த வழிகள் ஐந்து: கடையில் விற்கும் முழு உடல் பேக்கேஜ், தேர்ந்தெடுத்த சில சாதாரண ரத்தப் பரிசோதனைகள், கொழுந்தனார் படித்த புதுவகை ரத்தக் குறியீடுகள், ஒரு ராத்திரி தங்கி எடுக்கும் தூக்க ஆய்வு, கடைசியாக, அத்தை கையில் ஒரு நோட்டு. ஒரே மாதிரி குழப்பத்தில் இருக்கும் வீடுகள் தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் இருக்கும் என்பதால், நாங்கள் யோசித்த வரிசையிலேயே எழுதுகிறேன். மருந்து மாத்திரையை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் நரம்பியல் மருத்துவர்தான். எந்தப் பணத்தை எதில் போடுவது என்பதற்கு மட்டும் இது உதவும்.

முதலில், எந்தத் தூக்கம் கெடுகிறது?

1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை முதன்முதலாக விவரித்து எழுதியபோதே, நோயாளிகளின் தூக்கம் கெடுவதையும் குறித்திருக்கிறார். ஆனால் "தூக்கம் வரலைங்க" என்று நாம் ஒரே வாக்கியத்தில் சொல்வதற்குள் நாலைந்து தனித்தனிச் சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன.

கால் குடைச்சல் ஒன்று. படுத்த பத்தாம் நிமிடம் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை ஏதோ ஊர்வது போல இருக்கும், எழுந்து நடந்தால்தான் அடங்கும். ராத்திரி இரண்டு மணிக்கு மாத்திரையின் வேகம் இறங்கி, மரக்கட்டை போலப் புரள முடியாமல் கிடப்பது இன்னொன்று. சிறுநீருக்கு நாலு முறை எழுவது, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது, பகலில் உட்கார்ந்த இடத்தில் சொக்கி விழுவது. இவை போக, மாமாவுக்கு வரும் யானை.

இந்தக் கடைசி வகைக்கு ரெம் உறக்க நடத்தைக் கோளாறு என்று பெயர். கனவு காணும் ரெம் கட்டத்தில் உடம்பின் தசைகள் கட்டுண்டு கிடக்க வேண்டும். மூளைத்தண்டில் இருக்கும் அந்தப் பூட்டு பழுதானால், கனவு கையிலும் காலிலும் இறங்கிவிடும். 1986-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கார்லோஸ் ஷென்க், மார்க் மஹோவால்ட் என்ற இரு மருத்துவர்கள் இதைத் தனி நோயாக அடையாளம் காட்டினார்கள். பகலில் மெதுவாக நடுங்கும் கை, இந்தக் கனவு நேரத்தில் வேகமாகவும் பலமாகவும் அசையும் என்பதையும் மருத்துவ உலகம் பதிவு செய்திருக்கிறது. அத்தையின் விலாவுக்கு அது ஏற்கெனவே தெரியும்.

இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. ஆகவே எந்தப் பரிசோதனையைக் காட்டினாலும் நான் ஒரு கேள்வியைத்தான் கேட்டேன்: இதன் விடை வந்தால் மாமாவின் ராத்திரியில் எது மாறும்?

பேக்கேஜ்

இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. எழுபது எண்பது பரிசோதனை, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார்கள், தள்ளுபடி என்று விளம்பரம் வரும். கொழுப்பு ஐந்து வகை, கல்லீரல் எட்டு வகை என்று எண்ணிக்கை ஏறும். நமக்கு வேண்டிய ஃபெரிட்டின் பல பேக்கேஜில் இருக்காது. வெறும் சீரம் அயர்ன் இருக்கும். அது சாப்பாட்டுக்கும் நேரத்துக்கும் தக்கபடி ஏறி இறங்கும் எண், தனியாக அதை நம்ப முடியாது. எண்பது எண்களில் நாலைந்து எப்படியும் தடித்த எழுத்தில் வரும். நல்லா இருக்கிறவருக்கும் வரும். அதைப் பார்த்துப் பயந்து அடுத்த டாக்டர், அடுத்த ஸ்கேன் என்று அலைந்த குடும்பங்களை என் கவுன்டரில் நிறையப் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்று விட்டோம்.

சாதாரண ரத்தம், தேர்ந்தெடுத்துக் கேட்டால்

நான் அதிகம் எழுத விரும்புவது இதைப் பற்றித்தான். பார்க்கின்சன் தூக்கத்தைக் கெடுக்கிறது என்பது உண்மை. ஆனால் எழுபது வயதில் பார்க்கின்சன் மட்டும் தனியாக வருவதில்லை. கூடவே வந்து தூக்கத்தைத் திருடும் வேறு குற்றவாளிகளைப் பிடிக்க ரத்தம் நன்றாக உதவும், அவர்களில் பாதிப் பேரைத் திருத்தவும் முடியும்.

ஃபெரிட்டின் முதலில். உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று சொல்லும் எண் இது. பார்க்கின்சனில் குறைந்துபோகும் மூளை ரசாயனம் டோபமைன். அது தயாராக டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி வேண்டும்; அந்த நொதி வேலை செய்ய இரும்பு வேண்டும். அதனால்தான் கால் குடைச்சல் என்றதும் தூக்க மருத்துவர்கள் முதலில் ஃபெரிட்டினைக் கேட்கிறார்கள். மாமாவுக்கு யானையோடு இந்தக் கால் குடைச்சலும் உண்டு. ஹீமோகுளோபின் 13-ஐ ஒட்டி இருந்தது. சோகை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஃபெரிட்டின் 38.

எங்கள் தாளில் ஆண்களுக்கு 22 முதல் 322 வரை சரியான அளவு என்று அச்சாகும். நிலையத்துக்கு நிலையம் இது கொஞ்சம் மாறும். 38 அதற்குள் அடங்கும், ஆகவே தடித்த எழுத்து இல்லை, அம்புக்குறி இல்லை. ஆனால் கால் குடைச்சல் உள்ளவருக்குக் கணக்கே வேறு. வயதுவந்தவர்களுக்கு ஃபெரிட்டின் 75 அல்லது அதற்குக் கீழே இருந்தாலோ, டிரான்ஸ்ஃபெரின் செறிவு (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற கணக்கு) 20 சதவீதத்துக்குக் குறைந்தாலோ, இரும்பு கொடுப்பதை யோசிக்கலாம் என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் வழிகாட்டுதல். பதினாறு வருடத்தில் இப்படி எத்தனை 38-களை, 45-களை "நார்மல்தானுங்க" என்று நானே மடித்துக் கொடுத்திருப்பேன் என்று நினைத்தபோது மனசு கனத்தது. தாளில் அச்சாகும் எல்லை பொதுவான எல்லோருக்கும் போட்டது. உங்கள் வீட்டுப் பெரியவரின் காலைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

எடுக்கும் விதத்தில் கவனம் வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் எடுப்பது நல்லது. இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் முந்தின நாளே நிறுத்தியிருக்க வேண்டும். காய்ச்சல், சளி, புண், மூட்டு வீக்கம் இருக்கும் வாரத்தில் எடுக்காதீர்கள். உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக்கொள்ளும், இரும்பு இல்லாதவருக்கும் இருப்பது போலக் காட்டும். அதனால் கூடவே அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., டிரான்ஸ்ஃபெரின் செறிவு இரண்டையும் கேட்டு வாங்கினால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

ஆனால் குறைவு என்று தெரிந்ததும் கடையில் இரும்பு டானிக் வாங்கி ஊற்ற ஓடக் கூடாது. பார்க்கின்சன் உள்ளவர்களின் மூளையில், சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற பகுதியில், இரும்பு கூடுதலாகவே படிந்திருக்கும். அப்படியானால் இரும்பை வெளியேற்றினால் நல்லதா என்று ஐரோப்பாவில் சோதித்தார்கள். புதிதாக நோய் கண்ட 372 பேரை வைத்து நடந்த அந்த ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. டெஃபெரிப்ரோன் என்ற இரும்பு நீக்கும் மருந்தைச் சாப்பிட்டவர்களின் நிலைமை, சாப்பிடாதவர்களைவிட மோசமாகத்தான் போனது. கூட்டுவதும் குறைப்பதும் நாமாகச் செய்யும் காரியம் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பார்க்கின்சன் உள்ளவர்களில் ஃபெரிட்டினுக்கும் கால் குடைச்சலுக்கும் உள்ள தொடர்பு எல்லா ஆய்விலும் ஒன்றுபோல வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் குறைவு என்று தெரிந்த பிறகு அதற்கு வைத்தியம் உண்டு, காரணத்தையும் தேட முடியும்.

காரணம் முக்கியம். எழுபது வயது ஆணுக்கு இரும்பு இறங்கினால், எங்காவது ரத்தம் கசிகிறதா என்றுதான் மருத்துவர் முதலில் பார்ப்பார். மாமா முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் வாங்கி விழுங்கிய வலி மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கியிருந்தன. மலப் பரிசோதனையில் மறைந்த ரத்தம் தெரிந்தது. தூக்கத்துக்காக எடுத்த ரத்தம் வயிற்றுப் புண்ணைக் காட்டிக்கொடுத்தது. அப்புறம்தான் இரும்பு மாத்திரை ஆரம்பித்தார்கள். பார்க்கின்சனுக்குச் சாப்பிடும் முக்கிய மாத்திரையான லெவோடோபாவும் இரும்பும் ஒன்றாக வயிற்றுக்குள் போனால் ஒட்டிக்கொண்டு லெவோடோபா ரத்தத்தில் சரியாக ஏறாது. இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். இரும்பு மாத்திரைக்கு மேலே டீ வேண்டாம். களி தின்றால் இரும்பு ஏறும் என்று ஊரில் சொல்வார்கள். கேழ்வரகின் பலம் சுண்ணாம்புச் சத்துதான், இந்தப் பள்ளத்தை அது நிரப்பாது.

அடுத்தது பி12. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 இறங்கும். லெவோடோபாவும் உடம்பில் ஹோமோசிஸ்டீனை ஏற்றி, பி12-ஐச் செலவழிக்கும். குறைந்தால் பாதம் மரத்து, எரிந்து, கால் குடைச்சல் போலவே தூக்கத்தைக் கெடுக்கும். நம் பக்கத்தில் இதற்கு ஒரு தனித் தடங்கல் உண்டு. "நரம்பு ஊசி" என்று சொல்லி பி12 ஊசியை எதற்கெடுத்தாலும் போட்டுவிடுகிறார்கள். ஊசி போட்ட அடுத்த வாரம் ரத்தம் கொடுத்தால் எண் உச்சத்தில் நிற்கும், உள்ளே இருந்த குறை தெரியாமலே போகும். ரத்தம் முதலில், ஊசி அப்புறம். முடி வளர என்று வாங்கும் பயோட்டின் மாத்திரையும் இதே போலத் தைராய்டு கணக்கைக் குழப்பும்; சில கருவிகளில் டி.எஸ்.ஹெச். பொய்யாக இறங்கிக் காட்டும். அதை இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு வந்தால் நாங்கள் திரும்பக் குத்த வேண்டியதில்லை.

டி.எஸ்.ஹெச். எதற்கு என்றால், தைராய்டு குறைந்தாலும் ஆள் மந்தமாவார், பகலெல்லாம் தூங்குவார். பார்க்கின்சன் முற்றிவிட்டது என்று நாம் தப்பாக எண்ணிக்கொள்வோம். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி எதற்கு என்றால் ராத்திரிச் சிறுநீருக்கு. கிரியேட்டினின், சிறுநீரகம் பழுதானாலும் கால் குடையும் என்பதற்கு. சோடியம், ஆள் திடீரென்று குழம்பிப் பேசினால். வைட்டமின் டி குறைவாக இருந்தால் எலும்புக்காக நிரப்பிக்கொள்ளலாம், விழுகிறவர்களுக்கு அது அவசியம். தூக்கத்துக்காக அதை நம்ப வேண்டாம்.

இந்தப் பட்டியலில் ஹீமோகுளோபின், சர்க்கரை, கிரியேட்டினின் போன்றவை தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அந்தத் திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்புக்கு வீட்டுக்கு வரும் சகோதரியிடம் ஏற்கெனவே பாதிக் கணக்கு இருக்கும், கேட்டு வாங்குங்கள். ஃபெரிட்டின், பி12 மட்டும் எங்கே எடுக்க முடியும் என்று விசாரித்துக்கொண்டு போவது நல்லது. வெளியில் எடுத்தாலும் ஒவ்வொன்றும் சில நூறு ரூபாய்க்குள் முடியும்.

கொழுந்தனார் படித்த புது ரத்தம்

அவர் படித்தது பொய்ச் செய்தி இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜும் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2024-ல் வெளியிட்டது. ரத்தத்தில் எட்டுப் புரதங்களை அளந்து, கணினியைப் பழக்கி, பார்க்கின்சன் உள்ளவரையும் இல்லாதவரையும் பிரித்தார்கள். பிறகு கனவில் கை கால் உதறும் 72 பேரின் ரத்தத்தைப் பார்த்ததில் 79 சதவீதம் பேருக்குப் பார்க்கின்சன் சாயல் இருந்தது. சிலருக்கு நடுக்கம் வருவதற்கு ஏழு வருடம் முன்பே அது தெரிந்தது. படித்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

ஆனால் அந்த 72 பேரும் பார்க்கின்சன் இன்னும் வராதவர்கள். வரப்போகிறதா என்பதுதான் அந்தச் சோதனை கேட்ட கேள்வி. எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு மாமாவின் கையே ஆறு வருடம் முன்பு பதில் சொல்லிவிட்டது. "ராத்திரி ஏன் தூங்கலை, என்ன செய்யலாம்" என்ற கேள்வியை அந்தப் பரிசோதனை தொடவே இல்லை.

மற்றக் குறியீடுகளையும் பார்த்தேன். நியூரோஃபிலமென்ட் லைட் என்பது நரம்பிழை சிதையும்போது ரத்தத்தில் கசியும் புரதம். பார்க்கின்சன் போலவே தோன்றி வேகமாக முற்றும் வேறு நோய்களைப் பிரித்தறிய அது உதவும்; அந்தச் சந்தேகம் மருத்துவருக்கு இருந்தால் எடுப்பது நியாயம். வயது ஏறினாலும் சிறுநீரகம் தளர்ந்தாலும் அது ஏறும். தூக்கம் கெட்டவர்களிடம் இது கூடுதல், அது குறைவு என்று வரும் கட்டுரைகள் எல்லாம் கூட்டத்தின் சராசரியைச் சொல்பவை. போச்சம்பள்ளித் தோப்பு மாங்காயின் சராசரி எடை, பர்கூர்த் தோப்பு மாங்காயைவிட இருபது கிராம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு லாரி லோடை எடை போட்டால் வித்தியாசம் தெரியும். ஒரே ஒரு மாங்காயைக் கையில் கொடுத்து எந்தத் தோப்பு என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்? மாமா ஒரு மாங்காய். இன்டர்லூகின்-6, டி.என்.எஃப். போன்ற அழற்சிக் குறியீடுகளுக்கும் இதே கதைதான். ஒரு பல்வலிக்கே ஏறிவிடுகிற எண்கள் அவை.

ஆல்ஃபா சினுக்ளின்தான் இந்த நோயின் மூலப் புரதம், மூளைச் செல்லுக்குள் முடிச்சாகத் திரள்வது அதுதான். முதுகுத் தண்டுநீரில் அதன் திரளும் குணத்தைச் சோதிக்கும் முறையை 1,123 பேரிடம் பார்த்து 2023-ல் வெளியிட்டார்கள். பார்க்கின்சன் உள்ளவர்களில் 87.7 சதவீதம் பேரை அது சரியாகக் காட்டியது. அதே வருடம் ஜப்பானில் ரத்தத்திலிருந்தே இதைச் செய்ய ஒரு வழி காட்டினார்கள். இதில் ஒரு டெக்னீஷியனாக எனக்கு உறுத்துவது வேறு. ரத்தத்தில் இருக்கும் ஆல்ஃபா சினுக்ளினில் 99 சதவீதத்துக்கு மேல் சிவப்பணுவுக்குள்தான் இருக்கிறது. ஊசி நரம்பில் சரியாக ஏறாமல் இழுத்தாலோ, குழாயைக் குலுக்கினாலோ, சித்திரை வெயிலில் பேருந்தில் வைத்து அனுப்பினாலோ, கொஞ்சம் சிவப்பணு உடைந்தால் போதும், மூளைச் சங்கதி எல்லாம் அந்த வெள்ளத்தில் மூழ்கிவிடும். நடுங்கும் கையில் ரத்தம் எடுப்பது எவ்வளவு சிரமம் என்பது குத்துகிறவர்களுக்குத்தான் தெரியும்.

ராத்திரியில் சுரக்கும் மெலடோனின் ஹார்மோன் பற்றியும் கொழுந்தனார் கேட்டார். இது தூக்கத்தோடு நேராகச் சம்பந்தப்பட்டது, உண்மை. 2014-ல் அமெரிக்காவில் 20 பார்க்கின்சன் நோயாளிகளையும் 15 ஆரோக்கியமானவர்களையும் மங்கிய வெளிச்சத்தில் வைத்து, ஒரு நாள் முழுக்க அரை மணிக்கு ஒரு தரம் ரத்தம் எடுத்தார்கள். நோயாளிகளின் மெலடோனின் அலை தட்டையாக இருந்தது. பகலில் சொக்கி விழுகிறவர்களுக்கு இன்னும் தட்டை. அழகான வேலை. ஆனால் அந்த அலை தெரிய இரவு பகலாக நாற்பது ஐம்பது முறை ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. காலை எட்டு மணிக்கு ஒரே ஒரு குழாய் எடுத்து "மெலடோனின் குறைவு" என்று தாள் கொடுத்தால் அது வெறும் தாள். வெளிச்சம் பட்டாலே இறங்கும் ஹார்மோன் அது. கார்டிசால் என்ற ஹார்மோனும் அப்படியே, காலை ஒரு எண், மாலை ஒரு எண்.

ஒரு வீட்டில் மட்டும் இந்தப் புதுச் சோதனைகளின் கதை மாறும். நடுக்கம் எதுவும் இல்லாமல் ஐம்பது, அறுபது வயதில் கனவில் அடித்து உதைக்கிறவர் இருக்கும் வீடு. 24 மையங்களில் 1,280 பேரைத் தொடர்ந்து கவனித்து 2019-ல் வெளியான ஆய்வில், இப்படிப்பட்டவர்களில் வருடத்துக்கு 6.3 சதவீதம் பேருக்குப் பார்க்கின்சனோ அதன் உறவு நோய்களோ வந்தன. 12 வருடக் கணக்கில் அது 73.5 சதவீதம். அத்தையைக் கேட்டால், மாமா கை நடுங்குவதற்குப் பத்து வருடம் முன்பிருந்தே உதறினார் என்கிறார். "காத்து கருப்பு" என்று தாயத்து கட்டினார்கள். அப்புறம் முதுகு இறுகியபோது "ஃபுளோரைடு தண்ணி" என்றார்கள். நம் மாவட்டத்தில் எந்த இறுக்கத்துக்கும் அந்தப் பெயர் தயாராக இருக்கிறது. அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மனச்சோர்வுக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளாலும் இது வரலாம், அதையும் பார்ப்பார். முன்கூட்டியே ரத்தத்தில் தெரிந்துகொள்வதா வேண்டாமா என்பது அவர் மனசைப் பொறுத்தது. நோயைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை.

ஒரு ராத்திரி ஆய்வு

கனவில் உதறும் நோயை உறுதி செய்ய வீடியோவோடு எடுக்கும் தூக்க ஆய்வுதான் அளவுகோல். தலையில், தாடையில், காலில் கம்பி ஒட்டி, ரெம் கட்டத்தில் தாடைத் தசை தளர்கிறதா என்று பார்ப்பார்கள். இதை எந்த ரத்தமும் சொல்லாது. பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற நரம்பியல், மனநல மருத்துவமனையில் இந்த வசதி உண்டு, தருமபுரியிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். தனியாரிலும் உண்டு, பல ஆயிரம் ஆகும்.

எங்களை இழுத்தது குறட்டை. மூச்சுத் தடை கடுமையாக இருக்கிறவர் மூச்சு நின்று திமிறி எழும்போது அதுவும் கனவில் உதைப்பது போலவே தெரியும். உதறலுக்கு வழக்கமாகக் கொடுக்கும் குளோனசெபாம், மூச்சுத் தடை உள்ளவருக்கு ஆபத்து. வயதானவரைத் தள்ளாடவும் வைக்கும். ஆகவே குறட்டையும் இருந்தால், குளோனசெபாம் பேச்சும் வந்தால், இந்த ஆய்வுக்கு ஆகும் செலவு வீணில்லை. மாமாவுக்குக் குறட்டை லேசு; மூச்சு நின்றதாக அத்தை ஒரு நாளும் பார்க்கவில்லை. புது இடத்தில் கம்பியோடு படுக்க வைப்பதை மருத்துவரே பிறகு பார்க்கலாம் என்றார்.

அத்தையின் நோட்டு

நாங்கள் முதலில் ஆரம்பித்தது இதைத்தான். பேரனின் பழைய கணக்கு நோட்டு. பதினாலு ராத்திரி. படுத்த நேரம், எழுந்த நேரம், சிறுநீருக்கு எத்தனை தரம், கால் குடைந்ததா, புரள முடிந்ததா, கத்தினாரா, எத்தனை மணிக்கு எந்த மாத்திரை. அத்தை மூன்றாவது வரை படித்தவர். கால் குடைச்சலுக்கு ஒரு கோடு, கத்தலுக்கு ஒரு யானைத் தும்பிக்கை என்று அவராகவே குறி வைத்துக்கொண்டார். இரண்டு ராத்திரி போனில் வீடியோவும் எடுத்தோம்.

இதோடு பார்க்கின்சன் தூக்க அளவுகோல் என்று 15 கேள்விகள் உள்ள தாள் ஒன்று உண்டு, 60-க்கு மதிப்பெண், 18-ஐ எட்டினாலே கவனிக்க வேண்டும். மாமாவுக்கு 31. பகல் தூக்கத்துக்கு எப்வொர்த் அளவுகோல், 8 கேள்வி. கார் சிக்னலில் நிற்கும்போது தூங்குவீர்களா என்று கேட்கும். மாமா கார் ஓட்டியவர் இல்லை. டவுன் பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்குகிறாரா என்று மாற்றிக் கேட்டேன். அதை மாற்றிக் கேட்டது என்று மருத்துவரிடம் சொல்லியும்விட்டேன்.

நோட்டைத் திறந்ததும் மருத்துவர் பத்து நிமிடம் எதுவும் பேசாமல் பக்கம் புரட்டினார். கோடுகள் எல்லாம் ராத்திரி ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள். அது கால் குடைச்சல், ஃபெரிட்டின் எடுங்கள் என்றார். இரண்டு மணிக்குப் புரள முடியாதது, சாயந்தர மாத்திரைக்கும் காலை மாத்திரைக்கும் நடுவே இருந்த பெரிய இடைவெளி. படுக்கும்போது மெதுவாகக் கரையும் லெவோடோபா ஒன்று சேர்த்தார். தும்பிக்கைகள் மூன்றரையிலிருந்து ஐந்துக்குள். ரெம் உறக்கம் பின்னிரவில்தான் அதிகம், பொருந்துகிறது என்றார். குறைந்த அளவில் மெலடோனின் ஆரம்பித்தார். பகல் பதினொரு மணிச் சொக்கல், பார்க்கின்சனுக்கே சாப்பிடும் பிராமிபெக்சோல் மாத்திரைக்கு ஒரு மணி நேரம் கழித்து வருகிறது, அதைக் குறைத்தார். அந்த வகை மாத்திரை திடீர்த் தூக்கத்தைத் தரும், வண்டி ஓட்டுகிறவராக இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டியது. எந்த ரத்தத்தை எடுப்பது என்பதைக்கூட அந்த நோட்டுதான் முடிவு செய்தது.

வரிசை இப்படி வந்தது: நோட்டு, பிறகு ஃபெரிட்டினும் கூட்டாளிகளும், தேவைப்பட்டால் தூக்க ஆய்வு. புது ரத்தக் குறியீடுகளுக்கு எங்கள் வீட்டில் இப்போது வேலை இல்லை. பெங்களூரில் முறையான ஆராய்ச்சி எதிலாவது நோயாளிகளைச் சேர்த்தால், காசு வாங்காமல் ஒப்புதல் வாங்கி ரத்தம் எடுத்தால், மாமா கொடுக்கத் தயார். "நமக்கு ஆவலைன்னாலும் அடுத்தவனுக்கு ஆவட்டும், எடுத்துக்கட்டும்" என்றார். கொழுந்தனாரிடம் சொன்னேன். அந்தப் பேக்கேஜ் பணத்தில் அவர் இரண்டு தடித்த மெத்தை வாங்கி அனுப்பினார்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. கெட்ட கனவு வந்தால் தலைமாட்டில் இரும்பு வைப்பது நம் வழக்கம். அத்தை ஆறு வருடமாக மாமாவின் தலையணைக்கு அடியில் கதிர் அரிவாள் வைத்திருந்தார். கனவில் எழுந்து கை வீசுகிறவரின் கைக்கு எட்டும் தூரத்தில். மருத்துவர் அதைக் கேட்டதும் முகம் வெளுத்துப்போனார். எடுக்கச் சொன்னால் அத்தைக்கு மனசு கேட்கவில்லை. "இரும்பு இல்லாம எப்படிம்மா?" என்றார். ஃபெரிட்டின் தாளைக் காட்டி, "அத்தை, இரும்பு உள்ளாரதான் இல்லை, அதைத்தான் இப்ப ஏத்துறோம்" என்றேன். கொஞ்ச நேரம் அந்த 38-ஐயே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மாதம் கழித்து ஃபெரிட்டின் 81. கோடுகள் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ. தும்பிக்கை குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. மெத்தை தரையில், அத்தை எட்ட இன்னொரு மெத்தையில். அரிவாள் மாட்டுக் கொட்டகையில் தொங்குகிறது.